படிச்சா என்ன தருவீங்க?

"சார், இது பரீட்சைக்கு வருமா?" வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆர்வமே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது, நிலா ஏன் கூடவே வருகிறது என்று மூன்று வயதில் நம்மைத் துளைத்து எடுத்தது இதே பிள்ளைதான். நடுவில் அதற்கு என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி.

மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் இன்னும் இருவரும் 1973இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மார்க்கர் பேனாவைக் கண்டாலே உட்கார்ந்து வரையும் மழலைப் பள்ளிக் குழந்தைகள். சிலரிடம், "வரைந்து கொடுத்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்தபிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசு பேசி வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவே இல்லை. பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சான்றிதழ் ஒன்றுதான், முன்னால் பேசிய பேரம்தான் வேலையைக் காட்டியது. பிடித்துச் செய்துகொண்டிருந்த ஒன்று, பரிசுக்காகச் செய்யும் வேலையாக மாறிவிட்டது. "தினமும் கதைப் புத்தகம் படிச்சா போன் தர்றேன்" என்று சொல்லும்போது, கதைப் புத்தகம் கசக்கும், போன் இனிக்கும் என்று நாமே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

மார்க்கும் இதே வேலையைச் செய்கிறது. திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் ஒரு பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். கண் நேராக மேல் மூலைக்குப் போகும். அடுத்து, பக்கத்தில் இருப்பவனின் தாள். கூட்டல் சரியா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான், மடித்துப் பைக்குள். நான்காம் கேள்விக்குப் பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் பொறுமையாக எழுதிய இரண்டு வரி அப்படியே கிடக்கும். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் இதைச் சோதித்தார். குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களுக்கு ஆர்வமும் கூடியது, அடுத்த வேலையும் நன்றாக வந்தது. மார்க்கோடு குறிப்பும் பெற்றவர்கள், வெறும் மார்க் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண் வந்து உட்கார்ந்ததும் எழுத்துக்கு மதிப்புப் போய்விட்டது!

சரி, வாய்ப்பாட்டை யார் ஆசையாகப் படிப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆரம்பத்தில் ஆர்வமே இல்லாத இடத்தில் கெடுவதற்கும் ஒன்றும் இல்லை. அங்கே சின்னப் பரிசு ஒரு தள்ளு கொடுக்கும் என்றால் கொடுக்கட்டும். அப்போதும் எதற்குக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். ரோலண்ட் ஃபிரையர் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்தே பார்த்தார். நல்ல மார்க்குக்குப் பணம் என்றபோது பெரிதாக எதுவும் நகரவில்லை. டல்லாஸில் ஒரு புத்தகம் படித்தால் 2 டாலர் என்றபோது வாசிப்புத் திறன் கூடியது. புத்தகத்தைத் திறப்பது பிள்ளையின் கையில் இருக்கிறது. மார்க்கை எப்படி ஏற்றுவது என்று அதற்கே தெரியாதே, பணத்தைக் காட்டி என்ன பயன்?

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் இருவரும் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருவது இதுதான்: தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, நம்மால் முடிகிறது என்ற நம்பிக்கை, நம்மைப் பொருட்படுத்தும் மனிதர்கள், இந்த மூன்றும் இருந்தால் ஆர்வம் தழைக்கும். பாராட்டும் இந்தக் கணக்கில்தான் வரும். "இந்தக் கணக்குக்கு நீயே வேற வழி கண்டுபிடிச்சிருக்கியே" என்றால் பிள்ளை நிமிர்கிறது. "நான் சொன்ன மாதிரியே செஞ்சுட்டே, வெரிகுட்" என்றால் அந்த வெற்றி நம்முடையதாகிவிடுகிறது.

ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். மார்க்கை ஒழிக்க நம்மால் முடியாது, தெரியும். அடுத்த வகுப்புத் தேர்வில் குறிப்பை மட்டும் எழுதித் தாளைக் கொடுங்கள். பிள்ளைகள் அதைப் படித்துத் திருத்தி எழுதட்டும். மார்க்கை மறுநாள் சொல்லுங்கள். வீட்டிலும், பள்ளி விட்டு வந்ததும் "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால் அந்தத் தாளை வாங்கி, ஒரு விடையையாவது பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள்.