மினிட்ஸ் புத்தகத்தில் இல்லாத வரி

எங்கள் தொழிற்சாலையின் பிஎஃப் டிரஸ்டில் ஆறு வருடம் தொழிலாளர் தரப்பு டிரஸ்டியாக இருந்தேன். பெரும்பாலான கம்பெனிகளின் பிஎஃப் பணம் நேராக மத்திய அரசின் வருங்கால வைப்பு நிதி அமைப்பான இபிஎஃப்ஓவுக்குப் போய்விடும். விலக்கு வாங்கிய சில கம்பெனிகள் மட்டும் சொந்த டிரஸ்ட் வைத்து அந்தப் பணத்தை நிர்வகிக்கும். டிரஸ்டிகளில் பாதிப் பேர் நிர்வாகம், பாதிப் பேர் தொழிலாளர்கள். இபிஎஃப்ஓ அறிவிக்கும் வட்டிக்குக் குறையாமல் உறுப்பினர்களுக்குத் தர வேண்டும். வருமானம் போதாவிட்டால் கம்பெனிதான் கையிலிருந்து போட வேண்டும். எதில் எத்தனை சதவீதம் போடலாம் என்பதற்கு அரசு வகுத்த வரம்பு உண்டு. அப்போது புதிதாக வரும் பணத்தில் குறைந்தது 5, அதிகபட்சம் 15 சதவீதம் பங்குச் சந்தை சார்ந்த முதலீட்டுக்குப் போகலாம். நாங்கள் 15இல் இருந்தோம்.

2020 மார்ச் கடைசி வாரத்துக்கு வருகிறேன். ஊரடங்கு தொடங்கி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கூட்டம் போனில் நடந்தது. கணக்குப் பிரிவிலிருந்து ஒரு எக்செல் ஷீட் வாட்ஸ்அப்பில் வந்தது. கடன் பத்திரங்கள் எல்லாம் வாங்கிய விலையில், கறுப்பு எழுத்தில். எங்கள் பங்குச் சந்தை முதலீடான ஈடிஎஃப் இருந்த ஒரே ஒரு வரிசை மட்டும் சிவப்பில். ஜனவரியில் 12,000க்கு மேல் இருந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்திருந்தது. மொத்த நிதியில் அந்த ஈடிஎஃப் மிகச் சிறிய பங்கு. ஆனால் முக்கால் மணி நேரக் கூட்டத்தில் அந்தச் சிவப்பு வரிசையைத் தவிர வேறெதையும் நாங்கள் பேசவில்லை.

"15ஐ 5 ஆக்கிடுவோம் சார், நிலைமை சரியானதும் பார்த்துக்கலாம்" என்றார் ஒருவர். நிலைமை சரியாவது என்றால் என்ன, எந்த எண்ணைப் பார்த்து, எந்தத் தேதியில், யார் சொல்வது? யாரும் கேட்கவில்லை. நானும் சரி என்றேன்.

மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியது இரண்டே வரி: முதலீடு குறித்து விவாதிக்கப்பட்டது, பங்குச் சந்தை ஒதுக்கீட்டைக் குறைக்க ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. ஏன் என்ற வரி இல்லை. எதுவரை என்ற வரியும் இல்லை.

அந்த நவம்பரிலேயே நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. 2021 ஜனவரியில், அது 14,000ஐ ஒட்டி நின்றபோது, நாங்கள் மறுபடி 15க்குப் போனோம். ஒன்பதாயிரத்தில் குறைவாக வாங்கினோம், பதினான்காயிரத்தில் நிறைய வாங்கினோம். உறுப்பினர்களுக்கு வட்டி குறையவில்லை, அது உண்மை. ஆனால் சேர்ந்திருக்க வேண்டிய உபரி சேரவில்லை. உபரி மெலிந்த டிரஸ்டில் வட்டி அறிவிப்பு வரும்போதெல்லாம் கம்பெனி பணம் போட வேண்டி வருகிறது. அப்புறம் "விலக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா" என்ற பேச்சு தொடங்குகிறது.

சந்தை ஏறிவிட்டது என்பதால் இதைத் தவறு என்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏறும் என்று மார்ச்சில் எவருக்கும் தெரியாது. ஆறாயிரத்துக்கு இறங்கியிருந்தாலும் அது தவறான முடிவுதான். ஏனென்றால் நாங்கள் பார்க்க வேண்டிய தாள் வேறு. அதே ஃபைலில் பின்னால் இருந்தது. அந்த வருடம் ஓய்வு பெறுபவர்கள் எத்தனை பேர், வெளியே போக வேண்டிய தொகை எவ்வளவு, மாதாமாதம் உள்ளே வருவது எவ்வளவு என்ற கணக்கு. எங்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் நாற்பது வயதுக்குக் கீழே. வரவு செலவைவிட அதிகம். கொரோனா முன்பணம் எடுக்க அரசு அனுமதித்திருந்தது, அந்தக் கவலை நியாயமானது. அதற்கும் முதிர்வுக்கு வரும் பத்திரங்களே போதும். பல வருடங்களுக்கு அந்த ஈடிஎஃப் யூனிட்டில் ஒன்றைக்கூட விற்க வேண்டிய அவசியமே எங்களுக்கு இல்லை. தனி மனிதனுக்குக் கிடைக்காத ஒன்று ஓய்வூதிய நிதிக்குக் கிடைக்கிறது: காத்திருக்கும் சக்தி. அதைக் கையில் வைத்துக்கொண்டு, நாளைக்கே பணம் தேவைப்படுகிறவர்கள் மாதிரி நடந்துகொண்டோம்.

பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். என்னை உலுக்கியது, எண்ணெய் வருமானத்தை நாட்டுக்காகச் சேர்த்துவைக்கும் நார்வேயின் எண்ணெய் நிதி. எவ்வளவு பங்கு, எவ்வளவு கடன் பத்திரம் என்பதை அங்கே நிதியமைச்சகம் வகுக்கிறது, நாடாளுமன்றம் விவாதிக்கிறது, மத்திய வங்கியின் முதலீட்டுப் பிரிவு செயல்படுத்துகிறது. பங்குகளின் அளவை 40 சதவீதத்திலிருந்து 60க்கு உயர்த்துவது என்று 2007இல் முடிவானது. உயர்த்திக்கொண்டிருக்கும்போதே 2008 வந்தது. அந்த ஒரு வருடத்தில் நிதி 23.3 சதவீதம் இழந்தது. நாட்டின் சேமிப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு! ஆனாலும் வாங்குவதை நிறுத்தவில்லை. 2009 நடுவில் 60ஐத் தொட்டார்கள். அந்த வருட வருமானம் 25.6 சதவீதம்.

அவர்களும் மனிதர்கள்தான், பயந்திருப்பார்கள். ஆனால் சரிவு வருவதற்கு முன்பே, வெளிச்சத்தில், காரணத்தோடு எழுதிவைத்திருந்தார்கள். அதனால் விழும்போது "வாங்கலாமா" என்ற கேள்வியே மேஜைக்கு வரவில்லை. இழப்பு பற்றிக் கடுமையான விவாதம் நடந்தது. மேலாளர்கள் பங்குகளைத் தேர்ந்தெடுத்து வாங்குவதில் உண்மையில் பலன் உண்டா என்று ஆராய மூன்று பேராசிரியர்களை அமர்த்தினார்கள். அவர்களுடைய அறிக்கை சங்கடமானதுதான். இருந்தும் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். அது எண்ணெய்ப் பணம், நமக்கு அதோடு என்ன ஒப்பீடு என்று கேட்பார்கள். ஒரு பக்கம் விதி எழுதிவைக்க எண்ணெய் வேண்டுமா?

பெரிய நிதிகளும் சறுக்கும். கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியான கால்பெர்ஸ், சந்தை பெரிதாக விழுந்தால் பணம் தரும் ஒரு காப்பீட்டு ஏற்பாட்டை வைத்திருந்தது. வருடாவருடம் செலவு, கையில் எதுவும் வருவதில்லை. 2020 ஜனவரியில் அதை முடித்துக்கொண்டார்கள். மார்ச்சில் அது 100 கோடி டாலருக்கு மேல் தந்திருக்கும். செலவு குறைந்த வேறு வழிகள் இருக்கின்றன என்று அவர்கள் சொன்ன காரணத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் காப்பீட்டை வருடா வருட லாப நஷ்டத்தில் வைத்துப் பார்த்தால் அது எப்போதும் வீண் செலவாகத்தான் தெரியும்.

நிதி மேலாளர்களை மாற்றுவதும் இதே நோய்தான். 1994 முதல் 2003 வரை அமெரிக்காவில் சுமார் 3,400 ஓய்வூதிய நிதிகளும் அறக்கட்டளைகளும் மேலாளர்களை அமர்த்தியதையும் நீக்கியதையும் அமித் கோயல், சுனில் வாஹல் என்ற இரு பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். நன்றாகச் செய்தவரைப் பார்த்து அமர்த்துகிறார்கள், வந்த பிறகு அந்தக் கூடுதல் வருமானம் மறைந்துவிடுகிறது. நீக்கப்பட்டவரை அப்படியே விட்டிருந்தாலும் நஷ்டம் இருந்திருக்காது என்பதுதான் அதன் சாரம்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கடன் பத்திரங்களுக்குத் தரப்படும் உச்ச மதிப்பீடான ஏஏஏ என்ற மூன்று எழுத்தைப் பார்த்ததும் யோசிப்பதை நிறுத்திவிடுவது. ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் 2018 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஏஏஏ. செப்டம்பர் முடிவதற்குள் டி, அதாவது கடனைத் திருப்பித் தராத நிலை. உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியர்களின் பிஎஃப் பணத்தில் 2,200 கோடிக்கு மேல் டிஹெச்எஃப்எல் என்ற ஒரே தனியார் நிறுவனத்தில் சிக்கியது 2019இல் வெளியே வந்தது. ஒரே கூடையில் இவ்வளவு போடலாமா என்ற கேள்வியை அந்த மேஜையில் அழுத்திக் கேட்க யாரும் இல்லாமல் போனார்கள். ஊழியர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் அரசு பொறுப்பேற்பதாகச் சொன்னது.

நான் விலகுவதற்கு முந்தைய கூட்டத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பங்குச் சந்தை ஒதுக்கீடு இவ்வளவு. அதை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு கூட்டம், நடுவில் குறைந்தது 60 நாள். மாற்றம் கேட்பவர் காரணத்தைத் தன் பெயரோடு எழுதித் தர வேண்டும். உள்ளே வரும் பணம், வெளியே போகும் பணம் என்ற தாள் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பக்கமாக இருக்க வேண்டும், சந்தை மதிப்பு அதற்குப் பின்னால். எந்த ஒரு நிறுவனத்தின் பத்திரத்திலும், மதிப்பீடு என்னவாக இருந்தாலும், இந்த அளவுக்கு மேல் கிடையாது.

நிர்வாகத் தரப்பில் ஒருவர் மறுத்தார்: "அவசரத்தில் கையைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும் சார்." கையைக் கட்டத்தான் கேட்கிறேன் என்றேன். அவசரத்தில்தானே எங்கள் கை தவறான பக்கம் போனது. கடைசியில் 60 நாளை 30 ஆக்கி ஒத்துக்கொண்டார்கள். பெயரோடு எழுதித் தர வேண்டும் என்ற வரியை மட்டும் நீக்கிவிட்டார்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

கேன்டீனில் ஒரு வெல்டர் என்னை நிறுத்திக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு முன்பணம் எடுக்க ஃபாரம் வாங்க வந்தவர், "அண்ணே, நம்ம காசை எங்க போடணும்னு யாரு முடிவு பண்றாங்க?" என்றார். நாங்கள் பன்னிரண்டு பேர் என்றேன். "எதுக்காகன்னு எழுதி வெச்சிருப்பீங்கள்ல?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் ஃபாரத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

பிஎஃப் டிரஸ்டிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, கோயில், கல்லூரி அறக்கட்டளையிலோ பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், 2020 மார்ச், ஏப்ரல் மாதத்து மினிட்ஸை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காரணம் எழுதியிருக்கிறதா என்று எனக்குச் சொல்லுங்கள்.