அந்தக் குர்திஷ் பையனின் பெயர் என்ன?

ஹென்றி ராலின்சனை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன்.

17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தவர். 1833ல் பாரசீக மன்னர் ஷாவின் படைக்குப் பயிற்சி கொடுக்க அங்கே அனுப்பினார்கள். போன இடத்தில் பெஹிஸ்துன் பாறை கண்ணில் பட்டது. மனுஷன் அதன் பிறகு அதை விடவே இல்லை.

பாரசீகப் பேரரசன் டேரியஸ் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் வெட்டவைத்த கல்வெட்டு அது. ஒரே சேதி, பழம்பாரசீகம், எலாமியம், பாபிலோனியம் என மூன்று மொழிகளில், ஆப்பெழுத்தில், அதாவது ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன பழைய எழுத்தில். கீழே நின்று படிக்க முடியாத உயரம். இரண்டடி அகலம்கூடத் தேறாத விளிம்பில் ஏணியை நிறுத்தி, அதன் கடைசிப் படியில் ஏறி நின்று, இடது கையைப் பாறையில் ஊன்றிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படியெடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுதவே எனக்கு முதுகு வலிக்கிறது.

(ஆப்பெழுத்தைப் படித்த புகழ் மொத்தமும் இவர் கணக்கில் போனதில் எனக்கு உடன்பாடில்லை. அயர்லாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஹிங்க்ஸ் பல இடங்களில் இவரை முந்தியவர். அது தனிக் கதை.)

பாபிலோனியப் பகுதிதான் சிக்கல். அங்கே உள்ளூர் மலையேறிகளே கைவிரித்துவிட்டார்கள். 1847ல் எங்கிருந்தோ வந்த ஒரு குர்திஷ் பையன் நான் ஏறுகிறேன் என்றான். பாறை இடுக்கில் மர முளை அடித்து, கயிறு கட்டி, கிட்டத்தட்ட வழுவழுப்பான 20 அடிச் சுவரைக் கைவிரலாலும் கால்விரலாலும் பற்றிக் கடந்து, மறுபக்கம் இன்னொரு முளை அடித்தான். வெள்ளையடிப்பவர் தொங்குவாரே, அப்படி ஒரு ஊஞ்சலில் உட்கார்ந்து, ராலின்சன் சொல்லச் சொல்ல, ஈரத் தாளை எழுத்தின்மேல் அழுத்தி அச்செடுத்தான்.

இத்தனையும் நமக்குத் தெரிவது ராலின்சன் எழுதிவைத்ததால்தான். முளை, கயிறு, சுவரின் அளவு, எல்லாம் எழுதினார். நல்ல பரிசு தருவதாகச் சொன்னதையும் எழுதினார். பையனின் பெயரை எழுதவில்லை. அந்தக் காலத்துத் துரைமார் அப்படித்தான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. காரணம் அந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது.

தனக்கு முன் அரியணையில் இருந்த கௌமாதனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தபோது துணைநின்ற ஆறு பேரை டேரியஸ் அதில் வரிசையாகச் சொல்கிறான். இன்னார் மகன் இன்னார் என்று, அப்பன் பெயரோடு. எனக்குப் பின் வரும் அரசனே, இவர்கள் குடும்பத்தைக் காப்பாற்று என்றும் கேட்டுக்கொள்கிறான்.

அந்த வரிகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ராலின்சன். பையன் பாறையில் தொங்குவதற்கு முன்பே.