ராத்திரி ஷிப்ட் முடிச்சவங்ககிட்ட எனர்ஜி கேட்காதீங்க

"என்ன, யார்கிட்டயுமே எனர்ஜி இல்ல?"

நேத்து காலைல பத்து மணிக்கு, பாதுகாப்புப் பயிற்சி எடுக்க மலைக்குக் கீழ இருந்து வந்தவர் எங்க ஆளுங்களைக் கேட்ட கேள்வி. எங்கிருந்துய்யா வரும்? சாயங்காலம் கொழுந்து வந்து இறங்கி, வாடி, விடியறதுக்குள்ள ரோலர் ஓட ஆரம்பிச்சிரும். இது கோத்தகிரிப் பக்கம் டீ ஃபேக்டரி. முன்வரிசைல இருந்த அத்தனை பேரும் ராத்திரி முழுக்க நின்னுட்டு, வீட்டுக்கே போகாம வந்து உட்கார்ந்தவங்க.

எழுந்து கைதட்டச் சொன்னார், தட்டினாங்க. பக்கத்துல இருக்கவங்க தோளைப் பிடிச்சுவிடச் சொன்னார். அம்பது தாண்டின அண்ணன் ஒருத்தர், தனக்கு மருமகன் முறையாகுற பையனோட தோள்ல கையை வெச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுட்டு நின்னார். எனக்கு அங்கேயே வயிறு எரிஞ்சுது. அப்புறம் திரையில வரிசையா இங்கிலீஷ் ஸ்லைடு. படமெல்லாம் ஏதோ இரும்புப் பட்டறை. 'எப்போதும் கையுறை அணியவும்'னு அதுக்கு விளக்கம் வேற.

ரெண்டாவது வரிசைல ரோலர்ல நிக்கிற அண்ணன் கையைத் தூக்கினார். அந்தக் கையில ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கு. "சார், ரோலர்கிட்ட கிளவுஸ் போட்டா அதைப் பிடிச்சே கையை உள்ள இழுத்துரும்."

"கேள்வியெல்லாம் கடைசில கேளுங்க."

கடைசில வந்தது கையெழுத்துத் தாள் மட்டும்தான்.

சிடிசி ரோலர்னா இலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டுற ரெண்டு பல்லு உருளை, எதிரெதிரா சுத்தும், ஒண்ணைவிட ஒண்ணு பத்து மடங்கு வேகம். ஓடுற மெஷின்கிட்ட போறவங்களுக்குத் தனிப் பயிற்சி வேணும், உடம்போட ஒட்டின உடுப்பு வேணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே எழுதினாங்க. எங்க ஊர்க் குளிர்ல எல்லார் கழுத்துலயும் மஃப்ளர் தொங்குது. எங்களுக்கு எமன் அதுதான். மூணு மணி நேரத்துல மஃப்ளர்ங்கிற வார்த்தை ஒரு தடவைகூட வரல!

ஆளுங்க கவனிக்கலைன்னு அவங்களைக் குத்தம் சொல்லாதீங்க. 1940-கள்ல, போர்க்கால அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குன்னு ஒரு பயிற்சி முறை கொண்டுவந்தாங்க. ஆளைத் தயார்படுத்து, செஞ்சு காட்டு, அவனைச் செய்யவிடு, அப்புறம் போய்ப் பாரு. நாலே படி. அவன் கத்துக்கலைன்னா நீ சொல்லிக்கொடுக்கலைன்னு அதுல நேராவே சொல்லியிருக்கு. கைதட்டுறது, தோளைப் பிடிச்சுவிடறதெல்லாம் எதுக்கு? ரோலரை நிறுத்தி, கரண்ட் கட் பண்ணி, பூட்டுப் போட்டுட்டு, விரல் போன அந்த அண்ணனைப் பக்கத்துல நிக்கவெச்சுப் பேசவிடுங்க. அரை மணி நேரம் போதும், ஒருத்தன் கண் மூட மாட்டான். அதுவும் தூங்கி எழுந்து வந்தப்புறம் வைங்க, கூலியோட வைங்க.

இதுல டீ பிரேக் வேற. பச்சை இலைக்கு விலை கொடுங்கன்னு இந்த மலையில விவசாயி தெருவுல உட்கார்ந்து கத்துறான். எங்க ஃபேக்டரிக்குள்ளயே, எங்க ஆளுங்களுக்கே, கடைல வாங்கின டிப் டீயும் பால் பவுடரும் குடுத்தாங்க. பத்தடி தள்ளி மூட்டை மூட்டையா எங்க தூள் அடுக்கியிருக்கு!