பிரித்துக் கழுவ முடியாத எதையும் மாட்டாதீர்கள்

வீட்டில் பியர் காய்ச்சும் கருவிகளைத் தாங்களே செய்துகொள்கிறவர்களில் பலர், பணத்தையும் உழைப்பையும் தவறான இடத்தில் போடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. கொதிக்கவைக்கும் பாத்திரமான கெட்டிலுக்கு இரண்டு வால்வு, ஒரு பம்ப், டிஜிட்டல் தெர்மாமீட்டர் எல்லாம் மாட்டுவார்கள். ஈஸ்ட் போட்டு நொதிக்கவைக்கும் கலமான ஃபெர்மென்டர் மட்டும் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். பியர் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

கொதிக்கும் வரை நடக்கிற அழுக்குத் தவறுகளைக் கொதி சரிசெய்துவிடும். 60 நிமிடம் கொதித்த வார்ட்டில், அதாவது மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய தானியம்) வடித்த இனிப்பு நீரில், பியரைப் புளிக்கவைக்கும் கிருமிகள் மிஞ்சுவதில்லை. ஆறத் தொடங்கிய பிறகு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதற்குப் பிறகு வார்ட் தொடும் ஒவ்வொரு வால்வும், குழாயும், இணைப்பும் கையால் பிரித்துத் துலக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு பாகங்களைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பால் (ball) வால்வையே எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் உருண்டைக்கும் வெளி உடலுக்கும் நடுவே ஒரு சிறு வெற்றிடம் உண்டு. வால்வைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வார்ட் அங்கே போய்த் தங்கும். இரண்டு துண்டு வால்வில் அதை எட்டிக் கழுவ வழியில்லை. போல்ட்டைக் கழற்றினால் உருண்டையும் அதைத் தாங்கும் சீட்டும் தனியாக வந்துவிடும் மூன்று துண்டு வால்வைத்தான் வாங்க வேண்டும். விலை கூடத்தான், கொடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு துண்டு வால்வு மாட்டியிருந்தால், கொதி முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு குவளை வார்ட்டை அதன் வழியாகப் பிடித்துக் கெட்டிலிலேயே திரும்ப ஊற்றுங்கள். வால்வைப் பாதி திறந்த நிலையில் சில நொடி வைத்தால் அந்த இடுக்கிலும் சூடு ஏறும். கையுறை கட்டாயம். ஃபெர்மென்டரில் மட்டும் இரண்டு துண்டு வால்வு வேண்டவே வேண்டாம்.

கெட்டிலில் துளை போடுவது பலரும் பயப்படும் வேலை. அரை அங்குல வால்வு மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மிமீ. துளை 22 மிமீக்கு மேல் போனால், கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங் சரியாக உட்காராது. படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில், மெதுவான வேகம், அழுத்தமான கை, சொட்டுச் சொட்டாகக் கட்டிங் ஆயில். வேகமாகச் சுற்றி லேசாக உரசினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அந்த இடத்தில் இறுகிவிடும். பிறகு டிரில் முனைதான் மழுங்கும். உட்புறம் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுங்கள். விளிம்பில் நிற்கும் பிசிறை அரம் வைத்து எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால் ஓ-ரிங்கை அறுப்பது அந்தப் பிசிறுதான். ஓ-ரிங் சிலிகோன் ரகமாக இருக்கட்டும். கசிகிறதே என்று மேலும் மேலும் முறுக்காதீர்கள், அது பிதுங்கி வெளியே வந்துவிடும்.

மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் பாத்திரமான மாஷ் டன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சாதாரண ஐஸ் பெட்டியே போதும். 5 கிலோ மால்ட்டுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்றால் மொத்தம் 18 லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஆகவே 25 லிட்டர் பெட்டி தாராளம். மால்ட் 25 டிகிரியில் இருந்து, அந்தக் கலவை, அதாவது மாஷ், 66 டிகிரியில் நிற்க வேண்டுமானால் தண்ணீர் ஏறக்குறைய 72 டிகிரியில் இருக்க வேண்டும். பெட்டியை முன்கூட்டியே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வடிகட்டிக்குத் தண்ணீர்க் குழாயின் ஸ்டீல் பின்னல் உறை நன்றாக வேலை செய்யும். உள்ளே இருக்கும் ரப்பர் குழாயை உருவிவிட்டு, ஒரு முனையை மடித்துக் கிளாம்ப் போடுங்கள். பின்னல் நசுங்காமல் இருக்க உள்ளே ஸ்டீல் கம்பியைச் சுருளாக நுழைக்கலாம். வடிகட்டும்போது வால்வை ஒரேயடியாகத் திறந்தால் மால்ட் படுகை இறுகி அடைத்துக்கொள்ளும். கால் பங்கு மட்டும் திறந்து தொடங்குங்கள்.

வார்ட்டைக் குளிர்விப்பதற்கு, உள்ளே தண்ணீர் ஓடும் செம்புச் சுருளே என் தேர்வு. 20 லிட்டருக்கு 10 மிமீ மென்செம்புக் குழாய் 15 மீட்டர் போதும். ஒரு டப்பாவைச் சுற்றி மெல்ல வளையுங்கள். நெளிந்து மடங்கிவிடும் என்று பயந்தால் உள்ளே பொடியுப்பை நிரப்பிவிட்டு வளைக்கலாம், பிறகு தண்ணீர் விட்டால் கரைந்து போய்விடும். முக்கியமான விஷயம் ஒன்று: இரு முனைகளும் கெட்டில் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து கீழ்நோக்கி வளைய வேண்டும். ஹோஸ் கிளாம்ப் இணைப்பு கசிந்தாலும் அந்தத் தண்ணீர் தரையில் விழும், வார்ட்டில் விழாது. கொதியின் கடைசி 15 நிமிடம் சுருளை உள்ளே இறக்கிவைத்தால் தனியாகக் கிருமிநீக்கம் தேவையில்லை. பிளேட் சில்லர் வேகமானதுதான். ஆனால் அதன் தகடுகளுக்கு இடையே என்ன ஒட்டியிருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. அதனால்தான் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மின்சாரத்தில் சமரசம் கூடாது. 27 லிட்டரை 65 டிகிரியிலிருந்து 100க்கு ஏற்ற ஏறக்குறைய 1.1 யூனிட் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட் (சூடேற்றும் கம்பி) அதை அரை மணிக்குள் முடித்துவிடும், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். கெட்டிலின் உடலுக்கு எர்த், அந்த இணைப்புக்கு மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இரண்டும் இல்லாமல் தண்ணீருக்குள் எலிமென்ட் வைப்பது உயிரோடு விளையாடுவது. எலிமென்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் சுவிட்சான எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே நின்றுவிடும். கன்ட்ரோலர் நிறுத்தியதாகக் காட்டும், எலிமென்ட் எரிந்துகொண்டே இருக்கும். எஸ்எஸ்ஆருக்கு முன்னால் இரு கம்பிகளையும் துண்டிக்கும் ஒரு சுவிட்சோ கான்டாக்டரோ கட்டாயம். எஸ்எஸ்ஆருக்குச் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் வேண்டும். வயரிங்கில் சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மிச்சப் பணம் முழுவதும் ஃபெர்மென்டேஷன் வெப்பநிலைக்குப் போகட்டும். ஒரு பழைய ஃபிரிட்ஜ், ஒரு வெளிக் கன்ட்ரோலர், அவ்வளவுதான். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும். வார்ட் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் கன்ட்ரோலர் 19 என்று காட்டும்போது உள்ளே 23 இருக்கலாம். சென்சாரை ஃபெர்மென்டரின் பக்கவாட்டில், வார்ட் மட்டத்துக்குக் கீழே வைத்து, மேலே இரண்டு விரல் தடிமனில் ஃபோம் போட்டு டேப் ஒட்டுங்கள். கன்ட்ரோலரில் ஆன்-ஆஃப் வித்தியாசம் 0.5 டிகிரி, கம்ப்ரஸர் தாமதம் 5 நிமிடம் என்று வையுங்கள். வயரை நுழைக்க ஃபிரிட்ஜின் பக்கச் சுவரில் துளை போடாதீர்கள், உள்ளே கேஸ் குழாய் ஓடலாம். கதவு ரப்பரின் இடுக்கு வழியாகவே வயர் போய்விடும்.

பிளாஸ்டிக் ஃபெர்மென்டரை உள்ளே ஸ்கிரப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறலுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். வாயுவை வெளியே மட்டும் விடும் காற்றுப்பூட்டு இல்லாமல் மூடியை இறுக்கவும் கூடாது: 1 கிலோ சர்க்கரை முழுதாக நொதித்தால் அரைக் கிலோவுக்குப் பக்கமாகக் கரியமில வாயு, அதாவது 250 லிட்டர் அளவுக்கு வாயு வெளியேறும். அடைத்து வைத்த கண்ணாடி அதைத் தாங்காது. ஸ்டீல் பாத்திரத்தை பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட வேண்டாம், குளோரைடால் குழி விழும்.

எந்தப் பாகத்தைப் புதிதாக மாட்டினாலும் முதல் ஓட்டம் வெறும் தண்ணீரில். கொதிக்கவிட்டு, முழுதாக ஆறவிட்டு, இணைப்பைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ ஒன்றைக் கட்டி ஒரு இரவு வையுங்கள். சூட்டில் கசியாத ஓ-ரிங் ஆறிய பிறகு கசிவது உண்டு, உலோகம் சுருங்குவதால். டிஷ்யூ நனைந்திருந்தால் நட்டை முறுக்குவதற்கு முன் கழற்றிப் பாருங்கள்: ஓ-ரிங் கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது அந்தப் பிசிறு இன்னும் அங்கேயே இருக்கும்.