பம்பை நிறுத்தினால் மட்டும் போதாது

டைப் 1 நீரிழிவு உள்ளவர்கள் மாரத்தான் ஓடத் தொடங்கும்போது இன்சுலின் பம்பை (உடலில் தொடர்ந்து இன்சுலின் செலுத்தும் சிறு கருவி) நிறுத்திவிட்டால் போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. போதாதுங்க. ஏற்கெனவே தோலுக்கடியில் போன இன்சுலின் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், ஓடும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். அதனால் ஓடுவதற்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே பேசல் அளவை, அதாவது பம்பு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தும் அடிப்படை இன்சுலினை, பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்க வேண்டும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், டாக்டரிடம் பேசித்தான் முடிவு செய்யணும்.

முழுசா நிறுத்தி வைத்தால் வேறொரு வம்பு. பம்பில் இருப்பது வேகமாகச் செயல்படும் இன்சுலின் மட்டும்தான். இரண்டு மூன்று மணி நேரம் அது இல்லாமல் போனால் கீட்டோன் (உடல் சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறத் தொடங்கும். 42 கிலோமீட்டர் ஓட என்னைப் போன்ற ஆமைகளுக்கு ஐந்து மணி நேரம் ஆகுமே!

தோலில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் சென்சார் காட்டும் எண் ரத்தத்தில் உள்ள அளவைவிடச் சில நிமிடம் பின்தங்கியே வரும். அதனால் சர்க்கரை போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி கீழே சாய்ந்தாலே குளுக்கோஸ் ஜெல்லைப் பிரித்துவிடுவேன். வியர்வையில் கேனுலாவின் (பம்பிலிருந்து தோலுக்கடியில் இன்சுலின் போகும் மெல்லிய குழாய்) ஒட்டு கழன்றுவிடலாம், மேலே இன்னொரு டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

கட்டுரை தொடாத விஷயம் இரவு. ஓடி முடித்த அன்று தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம். படுக்கும் முன் பேசலை 20 சதவீதம்போலக் குறைத்து, சென்சார் அலாரத்தையும் சத்தமாக வைத்துவிடுகிறேன்.