மஸ்டர் ரோலில் தொலைந்த வருடங்கள்

2026 ஜனவரி 3ஆம் தேதி தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டதிலிருந்து நகராட்சி ஊழியர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: 50 சதவீதம். கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி, ஆண்டுக்கு இரண்டு தடவை அகவிலைப்படி உயர்வு, நமக்குப் பிறகு குடும்பத்துக்கு அந்த ஓய்வூதியத்தில் 60 சதவீதம். ஊழியர் பங்கு 10 சதவீதம், மிச்சம் அரசு பொறுப்பு. 1.4.2003-க்குப் பிறகு வேலைக்கு வந்து, சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்த தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மாதாமாதம் ஒரு ரூபாய்கூட வராமல் வீட்டில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிலைமையோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் நகராட்சி என்றால் இளநிலை உதவியாளரும் பொறியாளரும் மட்டுமா? விடியற்காலையில் மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் பதிந்துவிட்டுத் தெருவுக்குப் போகிற தூய்மைப் பணியாளர்களுக்கு இந்த 50 சதவீதம் எவ்வளவு வரும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

நான் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஓய்வூதியக் கோப்பை எடுத்தால் எல்லோரும் கடைசிச் சம்பளத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். தூய்மைப் பணியாளர் கோப்பு என்றால் நான் பணிப்பதிவேட்டில் வேலைக்குச் சேர்ந்த தேதியைப் பார்ப்பேன். 25 வயதில் உதவியாளராக வந்தவருக்கு 60 வயதில் 35 வருட சர்வீஸ் இருக்கும். தூய்மைப் பணியாளர் கதை அப்படி இல்லை. தினக்கூலியாகச் சில வருடம், சுய உதவிக் குழு பெயரில் சில வருடம், தொகுப்பூதியத்தில் (மாதம் ஒரே நிலையான தொகை) சில வருடம் என்று ஓடி, 48 வயதில் காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தரப் பணிக்கு வருவார். பதிவேடு அங்கேதான் தொடங்கும். அதற்கு முன்னால் அள்ளிய குப்பை எந்தக் கணக்கிலும் இல்லை.

பழைய ஓய்வூதிய விதிப்படியே போட்டுப் பார்ப்போம். 30 வருடம் தகுதியான பணிக்காலம் இருந்தால்தான் முழுப் பாதி. 12 வருடம்தான் இருக்கிறது என்றால் பாதியிலும் முப்பதில் பன்னிரண்டு பங்கு, அதாவது 20 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 22,400 என்று வைத்துக்கொண்டால் 4,480 ரூபாய். அவ்வளவு குறைவாகக் கொடுக்கக் கூடாது என்று 7,850 என்ற குறைந்தபட்சத்துக்கு உயர்த்திக் கொடுப்பார்கள். ஆக, அவருக்கு 50 சதவீதமும் ஒன்றுதான், 40 சதவீதமும் ஒன்றுதான். அவர் கைக்கு வரும் பணத்தைத் தீர்மானிப்பது அந்தக் குறைந்தபட்சம். அந்த 7,850-ம் 2017 சம்பளத் திருத்தத்தில் வந்த ஆரம்பச் சம்பளம் 15,700-ல் பாதி, அவ்வளவுதான்.

தகுதியான பணிக்காலத்தை முடிக்காதவர்களுக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம் உண்டு என்று புதிய திட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் சதவீதத்துக்காகப் போராடிய சங்கங்கள், இந்தக் குறைந்தபட்சத் தொகைக்காக அதில் கால்வாசியாவது குரல் கொடுத்திருக்க வேண்டும். மேடையில் பேசுகிறவர்கள் எந்தப் பிரிவிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள், காரணம் புரியும்.

இதற்கு வழியே இல்லையென்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் 11ஆவது விதி ஏற்கெனவே இருக்கிறது. தினக்கூலி, தொகுப்பூதிய சர்வீஸில் பாதியை ஓய்வூதியத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 1.4.2003-க்கு முன் நிரந்தரமாகியிருக்க வேண்டும். அந்தத் தேதியை எடுத்துவிட்டு, பாதிக்குப் பதில் முழு சர்வீஸையும் சேர்க்கலாமே. ஓய்வூதியத்தை மேம்படுத்துவது என்றால் என் கணக்கில் அதுதான் முதல் வேலை.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புதிய திட்டத்துக்கு ஒருமுறைச் செலவாக 13,000 கோடி, அப்புறம் ஆண்டுக்குச் சுமார் 11,000 கோடி என்று அரசே சொல்லியிருக்கிறது. நகராட்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை வரும். இடையில் நிதி வற்றினால் முதலில் சம்பளம், பிறகு மின்கட்டணம், அப்புறம் ஒப்பந்ததாரர் பில். ஊழியரிடம் பிடித்த சிபிஎஸ் தொகைகூட வரிசையில் கடைசியில் நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு நகராட்சியில் மாதக்கணக்கில் கட்டாமலே வைத்திருந்தார்கள். சம்பளப் பட்டியலில் பிடித்தம் ஒழுங்காக இருக்கும், ஊழியரின் சிபிஎஸ் கணக்குத் தாளில் அந்த மாதங்கள் காலியாக இருக்கும். உறுதியளித்த திட்டம் என்றால் இந்தப் பங்கை நகராட்சி கையில் விடாமல், நகராட்சிக்கு அரசு தரும் மாநில நிதிக்குழு மானியத்திலேயே பிடித்துக் கட்டிவிட வேண்டும்.

இதெல்லாம் நிரந்தரமானவர்களுக்கு. சென்னையில் 5, 6ஆவது மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்களே, அவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமே கிடையாது. ஒப்பந்ததாரரிடம் வேலை பார்த்தால் பி.எஃப். ஓய்வூதியம்தான். அதன் குறைந்தபட்சம் 2014-லிருந்து 1,000 ரூபாய். அதற்கு அகவிலைப்படியும் இல்லை. நிரந்தரப் பணியாளரும் இவரும் கூட்டுவது ஒரே வார்டை. நாளைக்கு இவர்களில் சிலரை நிரந்தரமாக்கினாலும், பழைய வருடங்கள் சேராவிட்டால் அவர்களும் அதே 12 வருடக் கணக்கில்தான் வந்து நிற்பார்கள்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நகராட்சியில் நிரந்தரமான தூய்மைப் பணியாளர்கள் இருந்தால், அவர்களுடைய பழைய மஸ்டர் ரோல் நகல்களை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஓய்வு பெறும் மாதத்தில் தேடினால் "பழைய ரெக்கார்டு கரையான் அரித்துவிட்டது" என்பார்கள். சர்வீஸைச் சேர்க்க நாளை ஓர் அரசாணை வந்தாலும், உள்ளாட்சி நிதித் தணிக்கையில் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.