லிம்பாவை வளர்த்தது சட்டம் மட்டுமல்ல
சர்ச்சையான விஷயங்களில் எதிர்த்தரப்புக்கும் இடம் தரவேண்டும் என்று ஒலிபரப்பு நிலையங்களுக்கு இருந்த 'நேர்மைக் கோட்பாடு' 1987-இல் நீக்கப்பட்டதுதான் அமெரிக்க வானொலியில் ரஷ் லிம்பா என்ற வலதுசாரிப் பேச்சாளரை உருவாக்கியது என்று இங்கே வந்த கட்டுரை முடித்துவிடுகிறது. பாதிதான் சரி. எதிர்த்தரப்புக்கும் இடம் தரும் தலைவலி நிலையங்களுக்குத் தீர்ந்தது, உண்மை. ஆனால் பாட்டுக் கேட்கிறவர்கள் எஃப்.எம். பக்கம் போய்விட, ஏ.எம். நிலையங்கள் பகல் நேரத்தை நிரப்ப வழியில்லாமல் தவித்தன. 1988 ஆகஸ்டில் நாடு முழுக்கப் போன லிம்பாவின் பேச்சு நிகழ்ச்சியை நிலையங்களுக்கு ஆரம்பத்தில் காசு வாங்காமலே கொடுத்தார்கள். பதிலுக்கு விளம்பர நிமிடங்களில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். பகலில் சில மணி நேரம் இலவசமாக நிரம்புகிறது, சின்ன ஊர் நிலையம் வேண்டாம் என்றா சொல்லும்? விளம்பரத்தை நம்பிய அந்தக் கணக்கே 2012-இல் திருப்பியும் அடித்தது: ஒரு சட்டக் கல்லூரி மாணவியை அவர் இழிவாகப் பேசியதும் விளம்பரதாரர்கள் வரிசையாகக் கழன்றுகொண்டார்கள். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், நேர்மைக் கோட்பாடு இருந்திருந்தால் ஃபாக்ஸ் நியூஸ் என்ற வலதுசாரிச் செய்திச் சேனலே வந்திருக்காது என்கிறார். அந்தக் கோட்பாடு அலைவரிசை உரிமம் வாங்கியவர்களுக்கான விதி. ஃபாக்ஸ் நியூஸ் போன்ற கேபிள் சேனல் அதில் வராது.